விதைத் தொட்டியில் வளர்த்த அல்லி

இன்று காலை தொட்டியில் பாசி அள்ளினேன். கையை முழங்கை வரை விட்டுத் துழாவியதும் அடிச்சேறு கலங்கி அந்த வாடை வந்தது. நடவு நாட்களில் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது கூடவே நுழையுமே, அதே வாடை. அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சோறு வடிக்கிறேன், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறேன், துக்கம் கேட்க வந்து அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். உள்ளே மட்டும் மரத்துக் கிடக்கிறது.

விதைநெல் ஊறப்போடக் கட்டிய தொட்டி அது. பண்ணை வீட்டு ஐயாவின் ஐந்து மா நிலத்தை உங்கள் அப்பா காலத்திலிருந்து நாம்தான் குத்தகைக்குப் பார்த்துவந்தோம். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். ஆட்சி மாறியது. உழுகிறவர் தன் பெயரைப் பதிந்துகொண்டால் நிலத்தைவிட்டு யாரும் கிளப்ப முடியாது என்றார்கள். அதற்குள் ஐயா வீட்டில் எல்லாமே தங்கள் சொந்தச் சாகுபடி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் நம் வாசலுக்கு நடையாய் நடந்தார்கள்.

“அதிகாரி கேட்டா ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

விசாரணை அன்று குடவாசலிலிருந்து அதிகாரி வந்து களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஐயா. நம் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுத்துக்கொடுத்த மனுஷர். பெண்கள் நாங்கள் வைக்கோல் போர் ஓரமாக நின்றோம். “இந்த அஞ்சு மாவ உழுவுறது நீங்கதானா?” என்று அதிகாரி கேட்டார். தோளில் கிடந்த துண்டு உங்கள் கைக்கு வந்தது. ஐயாவைப் பார்த்தீர்கள். “ஐயாவையே கேட்டுக்குங்க” என்றீர்கள். அடுத்த சம்பாவுக்கு நம் வயலில் வேறு ஏர் இறங்கியது. எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுப்பில் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நீங்கள் அந்த வயலைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனீர்கள், வந்தீர்கள். ஒரு சாயங்காலம் வாய்க்காலிலிருந்து ஒரு சாக்குச் சேறும் மடியில் அல்லிக்கிழங்குமாக வந்து நின்றீர்கள்.

“இது என்ன கூத்து?”

“தொட்டி சும்மாதான கெடக்கு.”

அல்லிக்கொடியை வயலில் கண்டால் பங்காளியைக் கண்டதுபோல் பிடுங்கி வரப்பில் வீசுகிற ஆள் நீங்கள். களையை வீட்டில் வைத்து வளர்க்கிறார் என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. களிமண்ணை மிதித்துப் பரப்பி, கிழங்கைச் சாய்த்து ஊன்றி, மேலே ஆற்றுமணல் தூவினீர்கள். சேறு கலங்காமல் இருக்க வாழையிலையை விரித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினீர்கள். ஓரமாகச் செங்கல் அடுக்கி, தண்ணீர் தொட்டும் தொடாமலும் நிற்கிற உயரத்தில் வல்லாரை வைத்தீர்கள். கொசு அண்டாமலிருக்க நாலைந்து கெண்டைக்குஞ்சு. முதல் பூ வந்தபோது, அது மூடிக்கொள்ளும் முன் பார்க்க வேண்டும் என்று விடியலிலேயே என்னை எழுப்பினீர்கள். நன்றாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்லவில்லை, கோபம் பாக்கி இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் நான் வந்து பார்த்தால் தொட்டி காலி. அடியில் இருந்த அடைப்புக் கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை எல்லாம் வெளியே விட்டிருந்தீர்கள். கெண்டைகள் அண்டாவில் நீந்திக்கொண்டிருந்தன. அல்லி இலைகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன.

“ஏங்க, நல்லா இருந்ததப் போயி ஏங்க தொறந்து வுட்டீங்க?”

“அறுப்பு வருதுல்ல. தண்ணிய வடிக்க வேணாமா?”

சொல்லி முடித்த பிறகுதான், அது வயல் இல்லை, தொட்டி என்பது உங்களுக்கு உறைத்தது. தொட்டிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். “அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்ல?” என்றீர்கள்.

“சொல்லியிருக்கணுங்க” என்றேன். ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பேச வராது.

“மொகத்துக்கு நேரா எப்படிடி சொல்றது?”

நான் கட்டையை மறுபடி அடைத்தேன். நீங்கள் கிணற்றில் இறைக்க, நான் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினேன். என் கோபம் அன்றோடு தீர்ந்தது. மாசியில் கிழங்கு மறுபடி துளிர்த்தது. அப்புறம் எந்தத் தையிலும் நீங்கள் அந்தக் கட்டையைத் தொடவில்லை.

இந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. சாவைப் பதிய நானேதான் பட்டாமணியார் வீட்டுக்குப் போனேன். அங்கே ஐயா பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வயது, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்த பட்டாமணியார், “தொழில் கூலின்னு போட்டுடறேன்” என்றார்.

“சாகுபடின்னு போடுங்க.”

“உங்களுக்கு நெலம் ஏதும்மா?”

“ஐயா ஊட்டு அஞ்சு மா. அத உழுதது எங்க ஊட்டுக்காரருதான்.”

ஐயா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பட்டாமணியார் அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. இனி எதை எழுதினாலும் நிலம் வரப்போவதில்லை.

திரும்பி வரும்போது மட்டும் ஏனோ விறுவிறு என்று நடந்தேன். நம் வாசலில் கால் வைக்கும்போதே, “ஏங்க, அவரு மொகத்துக்கு நேரா சொல்லிட்டேங்க” என்று தொண்டை வரை வந்துவிட்டது. கேட்க நீங்கள் இல்லை. வேறு யாரிடமும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.