மேல் வீட்டுத் தண்ணீர்

மார்கழி 5, ஞாயிறு

பனி. எதிர்ச் சரிவு தெரியவில்லை.

இன்று இருந்தவர்கள்: நான். மருமகள் மல்லிகா. பேத்தி சுகன்யா. அவள் மடியில் முப்பத்திரண்டு நாள் பெண் குழந்தை, இன்னும் பேர் வைக்கவில்லை. சுகன்யா புருஷன் ரமேஷ், ஆம்பூர்த் தோல் கம்பெனியில் லீவு போட்டு வந்திருக்கிறார். பைப் வேலை செய்யும் தணிகாசலம், போளூரிலிருந்து. மகன் ஏழுமலை லாரியோடு மைசூர் பக்கம்.

மாப்பிள்ளை கரண்ட் ஷவர் வாங்கி வந்திருக்கிறார். சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டி. பச்சைத் தண்ணீர் உள்ளே போய்ச் சூடாக வெளியே விழுமாம். சுகன்யாவுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. குனிந்து மொண்டு ஊற்றிக்கொள்ள முடியவில்லை. விறகுப் புகையில் குழந்தைக்கு இருமல். நல்ல காரியம்தான்.

தணிகாசலம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. முதலில் தண்ணீரைக் காட்டுங்கள் என்றார். வீட்டைச் சுற்றி வந்தார். அவர் சொன்னது:

பஞ்சாயத்துக் குழாய் – காலையில் ஒரு மணி நேரம், பாதி காற்று. ஆகாது.
போர் – உப்பு. உள்ளே கம்பியில் கல்லாகப் படியும். பெட்டி சீக்கிரம் போய்விடும்.
மாடி டேங்க் – ஷவருக்கு மேலே நாலடி கூட இல்லை. வேகம் வராது.
மேலே சரிவில் இருக்கும் ஊற்றுத் தொட்டி – நல்ல தண்ணீர், நல்ல உயரம், ராவும் பகலும் ஒரே வேகம். இதுதான் சரி.

"வேகம் இல்லனா இன்னா ஆவும்?" மாப்பிள்ளை கேட்டார்.

"கொஞ்சமா போற தண்ணி ரொம்ப சூடாய்டும் சார். திடீர்னு கொதிக்கும். பச்ச ஒடம்புக்காரி குளிக்கறது, யோசிச்சுக்கங்க. அந்தத் தொட்டி யாருது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தொட்டி காசியம்மாவுடையது. என் ஓரகத்தி. மூத்தார் பெண்டாட்டி. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டோடு எங்களுக்குத் தண்ணீர் புழக்கம் கிடையாது. மழை பொய்த்த வருஷம், மாசி மாதம், வெள்ளிக்கிழமை. குடத்தோடு போனேன். "தொட்டியில கை வுடாத, நில்லு, நான் மொண்டு ஊத்தறேன்" என்றாள். பிச்சைக்காரிக்குச் சொல்வது போல. நாலு பேர் பார்த்தார்கள். அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை, முந்தானையில் ஒட்டுப் போட்டது. ஊற்றிய தண்ணீரை அவள் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு, "இனிமே உன் வூட்டுத் தண்ணி என் வூட்டு மேல படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். படவில்லை.

"நீ போய் ஒரு வார்த்த கேளு ஆயா, எனக்காக" என்றாள் சுகன்யா.

போனேன். புளியமரம் வரைக்கும். அங்கிருந்து பார்த்தால் அவள் வீடு தெரியும். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன்: "தரமாட்டாளாம். எங்களுக்கே பத்தலன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டா."

வாய் தானாகச் சொன்னது என்று எழுத வந்தேன். இல்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

மார்கழி 6, திங்கள்

டேங்கிலிருந்தே பைப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு லீவு முடியப் போகிறது, வேறு வழியில்லை. தணிகாசலத்துக்கு மனசே இல்லை. போகும்போது மூன்று முறை சொன்னார்: "இந்தப் பொண்ணு குளிக்கச் சொல்லோ சமையக்கட்டுக் குழாயத் தொறக்காதீங்க. இருக்கற வேகமும் பூடும்." கிழவிக்குக் காது கேட்காது என்று நினைத்தோ என்னவோ, கடைசி முறை என்னிடம் கத்திச் சொன்னார். என் காது நன்றாகத்தான் கேட்கிறது.

சுகன்யா குளித்தாள். ஒரு சமயம் சுடுகிறது, ஒரு சமயம் சில்லென்று இருக்கிறது என்றாள். பரவாயில்லை என்றாள்.

மல்லிகா போனில் தன் அக்காவிடம்: "ரெண்டு பைப்பு தண்ணிக்கு மனசு வரல பாரு அந்தக் கெழவிக்கு. பொணம் போவும்போது தூக்கிட்டுப் போவாளா தொட்டிய?"

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். காம்பையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

மார்கழி 7, செவ்வாய்

காசியம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தூக்குப்போசியில் மருந்து கொடுத்தனுப்பினாள். சுக்கு, மிளகு, திப்பிலி, பனைவெல்லம் போட்டு நெய்யில் கிளறியது. பிள்ளை பெற்றவளுக்கு. அவள் கைப்பக்குவம் இந்த மலையில் யாருக்கும் இல்லை, பகையென்றாலும் சொல்ல வேண்டும்.

மல்லிகா மூடியைக்கூடத் திறக்கவில்லை. கொண்டு வந்தவளிடமே, "தண்ணி தராத வூட்டு மருந்து எங்களுக்கு வேணாம்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். தடுக்க ஒரு வார்த்தை போதும்.

இதையும் எழுதி வைக்கிறேன். அன்றைக்கு, அந்த மாசி வெள்ளிக்கிழமை, என் கையில் சாணி இருந்தது. மாட்டுக் கொட்டகையிலிருந்து நேராகப் போயிருந்தேன். மழையில்லாத அந்த வருஷம் ஊரே குடித்த தொட்டி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மார்கழி 9, வியாழன்

நேற்று எழுதவில்லை. கை ஓடவில்லை.

புதன் காலை. சுகன்யா உள்ளே குளிக்கிறாள். மல்லிகா கையில் குழந்தை. நான் உலைக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். குழாயைத் திறந்தேன். மறந்துபோய்.

மூன்று தலைமுறைக் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்று சொல்லுவேன். ஓரகத்தி சேலையில் ஒட்டு எந்தப் பக்கம் என்று சொல்லுவேன். முந்தாநாள் சொன்னது மறந்துபோச்சு.

சுகன்யா அலறும் சத்தம் கேட்டது. குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

இடது தோளில், உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தையலில் படவில்லை. நர்ஸம்மா வந்து மருந்து தடவிவிட்டுப் போனார். ஆறிவிடும் என்றார். சுகன்யா குழந்தையை அந்தப் பக்கம் சாய்க்க முடியாமல் வலது பக்கமே வைத்துக்கொண்டு பால் கொடுக்கிறாள்.

"நீ வேணும்னேவா செஞ்ச ஆயா? அழுவாத" என்றாள். நான் அழவில்லை என்றேன்.

மாப்பிள்ளை பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்.

மார்கழி 10, வெள்ளி

காசியம்மா வந்தாள். கோலை ஊன்றிக்கொண்டு, சரிவில் பக்கவாட்டாக இறங்கி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறை. கையில் அதே தூக்குப்போசி.

வாசலிலேயே மாப்பிள்ளை கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். "இன்னா ஆயா, இப்ப வர்றீங்க? அன்னிக்கி வந்து கேட்டப்ப தண்ணி தரமாட்டேன்னீங்களாமே. தந்திருந்தா இவளுக்கு இப்பிடி ஆயிருக்குமா?"

அவள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு மல்லிகாவை. பிறகு கதவோரம் நின்றிருந்த என்னை.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று. சொல்லிவிடாதே என்று ஒன்று.

"ஆமா சாமி" என்றாள் காசியம்மா. "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. இன்னிக்கே ஆள வரச் சொல்லி பைப்பு போட்டுக்கங்க."

மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகன்யா மட்டும், "உள்ள வா பெரியாயா" என்றாள். வந்தாள். தோளைப் பார்த்தாள். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். மருந்தை வைத்தாள். போய்விட்டாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மார்கழி 12, ஞாயிறு

வெயில். தணிகாசலம் வந்து மேல் தொட்டியிலிருந்து கறுப்பு பைப் இறக்கினார். புளியமரத்தடி வழியாக, நான் நின்று திரும்பிய அதே இடம். "மொதல்லயே இத செஞ்சிருக்கலாம்" என்றார். இனி சமையற்கட்டில் எதைத் திறந்தாலும் ஒன்றும் ஆகாதாம். கையை நீட்டிப் பார்த்துப் பார்த்து ஒரே சூட்டில் நிறுத்தினார்.

சுகன்யா தோளில் துணி கட்டிக்கொண்டு குளித்தாள். வெளியே வந்து சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு நானும் ஷவரடியில் நின்றேன். தலையில் விழுந்தது. உப்பு இல்லை. மண் வாடை இல்லை. சோப்பு நன்றாக நுரைத்தது. இவ்வளவு நல்ல தண்ணீர்.

மல்லிகா இன்னமும் அவளைக் கல் நெஞ்சுக்காரி என்கிறாள். நான் கேட்டுக்கொண்டு சோறு தின்கிறேன்.

காசியம்மா ஊரைக் கூட்டி என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை அவள் காலில்கூட விழுந்திருப்பேன். என் பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

என் வீட்டில் செத்தவர், இருக்கிறவர் எல்லாரையும் எப்போதாவது மன்னித்துவிடுவேன்.

காசியம்மாவை மாட்டேன்.