படகுக்கு நீலம், லாரிக்கு மஞ்சள்

22 செப்டம்பர் 2025, திங்கள்

மதியச் சோற்றைச் சாயங்காலம்தான் திறந்தேன். ஊசிப்போயிருந்தது. காலையிலிருந்து போன், போன், போன். நடுவில் கடைப் பையன் கோதண்டம் வேறு: "அக்கா, பெரிய வாசரு எங்க கீது?" எங்கே இருக்கும்? என் மண்டைக்குள் இருக்கும். இந்தச் சாத்தாங்காடு போல்ட் கடையில் எது எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு!

இன்று அந்தப் பெருமை கிழிந்தது. எண்ணூர் ஆலைக்குப் பாய்லர் போல்ட் என்று அனுப்பிய மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன. அவசரத்தில் லாரி போல்ட்டை ஏற்றி அனுப்பியிருக்கிறோம். ஆலையில் சரக்கு வாங்கும் கருணாகரன் சார் கத்தவில்லை. "அடுத்த மாசக் கடைசியில ஆலையை நிறுத்திப் பழுது பாக்கறோம்மா. அதுக்கும் உங்ககிட்டயே வாங்கலாமான்னு யோசிக்கறேன்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஆர்டர் போனால் கடை நிற்காது.

24 செப்டம்பர்

செய்தி எப்படித்தான் பரவுமோ. தெருமுனையில் பெரிய கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி அண்ணன் வந்தார். "ஏட்டி செல்வி, எல்லாத்தையும் மண்டைக்குள்ள வச்சுக்கிட்டு அலையுத. நீ ஒருநாள் படுத்தா கடையும் படுத்துரும்லா? தீவாளி கழிச்சு என் கடையோட சேத்துருவோம். நீ கல்லால உக்காரு, போதும்."

யோசிக்கிறேன் என்றேன். என் கடையை விட்டுவிட்டு அவர் கல்லாவில் நான் ஏன் உட்கார வேண்டும்? ஆனால் அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிகிறது.

30 செப்டம்பர்

ஆயுத பூஜைக்குக் கடை கழுவினோம். வருஷா வருஷம் நடப்பதுதான் — எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, பொட்டு வைத்து, அதே குப்பையை அதே மூலையில் திரும்ப வைப்போம். இந்த வருஷம் வைக்கவில்லை. சின்னதிலிருந்து பெரியதுவரை அளவு பார்த்து அடுக்கினோம். பில் போடும் அம்மு நாலு கோணத்தில் போட்டோ எடுத்தாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

3 அக்டோபர்

பேஜார்! அழகாக அடுக்கி என்ன பிரயோஜனம்? நெட்டுக்குப்பத்துப் படகுக்காரர் வந்து, "போட்டுக்கு போடணும், உப்புத்தண்ணி தாங்கணும்" என்கிறார். லாரி டிரைவர் பின்சக்கர வில்லைக் காட்டி "பின்பட்டைக்கு" என்கிறார். அளவு சொல்லி ஒருத்தர் கேட்க வேண்டுமே! கோதண்டம் முழிக்கிறான். மறுபடியும் நானே ஓடினேன். உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவும் நேரமில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

இரண்டு நாளாகக் கல்லாவில் நின்று, ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் காது கொடுத்தேன். எதற்கு என்றுதான் கேட்கிறார்கள். சரி, அப்படியே வைப்போம். இன்று மூன்று பேரும் மறுபடி எல்லாவற்றையும் இறக்கினோம். படகுக்கு நீலப் பெட்டி, லாரிக்கு மஞ்சள், பாய்லருக்குச் சிவப்பு. ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

8 அக்டோபர்

காலையில் போன் அம்முவிடம். "அக்கா வேலையா கீது, பதினோரு மணிக்கு மேல கூப்டுங்க." சொல்லும்போது என்ன அதிகாரம் அவளுக்கு! உலகம் இடிந்து விழவில்லை. அந்த நேரத்தில் ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு கருணாகரன் சாரை நேரில் போய்ப் பார்த்தேன். பாய்லருக்குப் பாய்லர் தனிப் பெட்டியாகக் கட்டித் தருகிறேன், அதிலும் மாதிரி தொங்கும் என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையாட்டினார்!

14 அக்டோபர்

இன்று சோறு சூடாகச் சாப்பிட்டேன். ரசமும்.

22 அக்டோபர்

எண்ணூருக்குச் சரக்கு இருபத்தேழாம் தேதி காலை போக வேண்டுமாம். அன்றுதான் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். கூட்டிப்போகிறேன் என்று வருஷா வருஷம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஏமாற்றியது போதாதா? எடுத்து வைத்த டிக்கெட்டை ரத்து செய்யட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மு முறைத்தாள். "நீ போக்கா. நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

அந்த நேரம் பார்த்து வந்த இசக்கிப்பாண்டி அண்ணனுக்குச் சிரிப்பு. "தீவாளியும் போயாச்சு. போயிட்டு வந்து பதில் சொல்லு."

27 அக்டோபர், திருச்செந்தூர்

கடற்கரை முழுக்கத் தலை. சூரன் ஒவ்வொரு முகமாக மாறி வந்து தோற்றுக்கொண்டிருந்தான். எனக்குக் கை அரித்தது. பொறுக்க முடியாமல் கடைக்குப் போன் போட்டேன்.

"எண்ணூரு சரக்கு காலைலயே பூடுச்சுக்கா" என்றான் கோதண்டம். "ஒரு பொட்டி கூட திரும்பல. அடுத்த ஆர்டருக்கும் உன்னாண்ட பேசணும்னாரு சாரு. அப்பால, உன் முனைக்கடை அண்ணன் வந்தாரு. கிரேனு போல்ட்டு அவரு கடைல எங்கனு தேடி கிடைக்கலயாம். நம்மகிட்ட வாங்கினு போனாரு."

"காசு?"

"அம்மு பில்லு போட்டுத்தான் குட்த்தா. சரி, இங்க ஜனம் நிக்குது, வைக்கறேன்."

வைத்தே விட்டான்! என் கடையில் என் போனையே! அத்தனை கூட்டத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே, "என்னட்டி, சூரன் விழுந்துட்டானா?" என்றாள்.

"விழுந்துட்டாம்மா."

போனை அணைத்துப் பையில் போட்டேன். கடையைச் சேர்க்க அண்ணன் கேட்ட பதில் அந்தப் பில்லோடே போய்விட்டது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடலில் கால் நனைத்தேன்.