பௌர்ணமியில் ஒன்றும் தெரியவில்லை

ஜனவரி 28, புதன்
மாமா தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழகுக்கு வைத்திருந்ததாம், யாரும் வாங்காததால் எனக்கு. இனி நிலாவின் பள்ளங்களைப் புத்தகத்தில் மட்டும் பார்க்க வேண்டாம். ஒரே சிக்கல்: எங்கள் ஜன்னல்கள் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கின்றன. வானம் வேண்டுமென்றால் மொட்டைமாடி. அது பூட்டியிருக்கிறது.

ஜனவரி 29
வீட்டுக்காரர், கீழே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஆன்ட்டி. வாசலில் காத்திருந்து கேட்டேன்.
"முன்னாடி குடியிருந்த பசங்க பந்து விளையாடி குழாயை உடைச்சுட்டாங்க. அதுலேருந்து யாருக்கும் திறக்கறதில்ல."
"நான் நிலாவைத்தான் பார்க்கணும் ஆன்ட்டி."
"அதுல பார்க்க என்ன இருக்கு?"
"நீங்களே வந்து பாருங்க. பிடிக்கலேன்னா இனிமே கேட்கவே மாட்டேன்."
கடைசி வாக்கியத்தை ஏன்தான் சொன்னேனோ. ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பௌர்ணமி. முழு நிலாவைக் காட்டினால்தானே மதிப்பு?

பிப்ரவரி 1, ஞாயிறு
மானம் போயிற்று.
ஆன்ட்டி முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து குனிந்தார். "கண்ணு கூசுது." பிறகு, "வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கு. இதை என் சமையல்கட்டு ஜன்னல்லேருந்தே பார்ப்பேனே."
நானும் பார்த்தேன். ஒரே வெளிச்சம், சில சாம்பல் திட்டுகள். பள்ளமே இல்லை. அப்பா மட்டும் "பிரமாதம்மா" என்றார். அவர் கண்ணை வைத்திருந்தது, குறிபார்க்க மட்டும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டிக் குழாயில்.
கதவு மறுபடி பூட்டியாயிற்று.

பிப்ரவரி 2
தொலைநோக்கி கட்டிலுக்கு அடியில். எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4
நூலகத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பௌர்ணமியன்று சூரிய வெளிச்சம் நிலாமேல் நேராக விழுகிறது. நிழல் கிடையாது, நிழல் இல்லையென்றால் பள்ளமும் தெரியாது. பாதி நிலாவில்தான், வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில், நிழல் நீளும். எத்தனையோ நாள் இருக்க அந்த ஒரு நாளையா பிடித்தேன்— முட்டாள், முட்டாள்.
ஆனால் இனிமேல் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே.

பிப்ரவரி 6
கேட்கவில்லை. விளக்கம் மட்டும் சொன்னேன். அது கேட்டதாகுமா?
ஆன்ட்டி கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நேரா லைட் அடிச்சா சொத்தை தெரியாது, சாய்ச்சு அடிக்கணும்ங்கற."
"அதேதான் ஆன்ட்டி."
"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"
"அன்னிக்கு எனக்கே தெரியாதே."
சிரித்துவிட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் துணி காயப்போட மேலே போவாராம். தேய்ந்து பாதியான நிலா அப்போதும் வானத்தில் இருக்கும். "கூட வா. அஞ்சு நிமிஷம்தான்."

பிப்ரவரி 9, திங்கள்
வெயில் வரவில்லை. பாதி நிலா இன்னும் உயரத்திலேயே இருந்தது. கிளேவியஸ் என்ற பெரிய பள்ளத்துக்குத் திருப்பினேன். அதற்குள்ளேயே சின்னப் பள்ளங்கள், உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகள் போல வளைந்த வரிசையில், ஒவ்வொன்றிலும் ஒரு துளி நிழல்!
ஆன்ட்டி குனிந்தார். ஈரத்துணி தோளிலேயே கிடந்தது. பிடிக்கவில்லையோ?
"சொத்தைக்குள்ள சொத்தை," என்றார் கடைசியில். "இப்படி ஒரு வாயை நான் பார்த்ததே இல்லடி."
அஞ்சு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் நகரவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 20, வெள்ளி
மேற்கே மெல்லிய பிறை. பள்ளியிலிருந்து வரத் தாமதம். படியேறும்போதே மாடியிலிருந்து ஆன்ட்டியின் குரல்: "ஆடி அசைஞ்சு வர்றா பாரு. நிலா இறங்கிட்டிருக்கு." அப்பாவைக் கொண்டு தொலைநோக்கியை ஏற்கெனவே மேலே ஏற்றியாயிற்றாம்.
"கிளினிக்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே ஆன்ட்டி."
"டாக்டர் மாடியில ஒரு கேஸ் பார்க்கறாங்க, கொஞ்சம் சிக்கலான கேஸ்னு சொல்லிட்டு ஓடி வா."
கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இருவரிடமும் அப்படியே சொன்னேன். பொய் இல்லையே.