தெருவுக்குப் போன முதல் தண்ணீர்

நேற்று மதியம் உன் வீட்டு மொட்டைமாடி மெத்தையிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. அதே நேரம் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்தால் நம் கிணறு என்னாவது? நீ இருந்திருந்தால் மதிலுக்கு மேல் உன் தலை தெரிந்திருக்கும். பட்டினம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய். நீ கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் ஐப்பசி மழை இது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் மதில் கிணற்றின் மேலேதான் போகிறது. பாதிக் கிணறு உனக்கு, பாதி எனக்கு. ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் உப்பேறி, டீக்கு வைத்த பால் இரண்டு வீட்டிலும் திரிந்துபோனது நினைவிருக்கிறதா? தெருவில் பலரும் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். எனக்கு அதற்கு வசதியில்லை. உனக்கு இருந்தது, ஆனாலும் நீ மாறவில்லை. உன் மெத்தையில் விழும் மழையைக் குழாய் வழியாகக் கிணற்றில் விடுவதென்று முடிவுகட்டினாய். என்னுடையது ஓட்டு வீடு, நான் என்னத்தைச் செய்ய என்று சங்கடப்பட்டேன்.

"மெத்தை என்னுது, அடுப்புக்கரி உன்னுது. மணல ரெண்டு பேரும் அள்ளுவோம். மூஞ்சியத் தொங்கப்போடாதடி" என்றாய்.

ஊறுகாய்க் கடையின் பழைய நீல டிரம்மில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கி, தண்ணீர் வடிந்து கிணற்றில் இறங்குகிற மாதிரி வைத்தோம். குழாய் என் பக்கம் இறங்கியதால், அதன் முழங்கை வளைவைத் திருப்புவது என் வேலை. மழை தொடங்கும்போது அது தெருப்பக்கம் பார்க்க வேண்டும். கடற்காற்று படியவைத்த உப்பும் காக்கை எச்சமும் கழுவிப்போன பிறகுதான் டிரம் பக்கம் திரும்ப வேண்டும். தூறல் விழுந்ததுமே அந்தப் பக்கமிருந்து உன் குரல் வரும்.

"மொதத் தண்ணி தெருவுக்குப் போவட்டும்! திருப்பிட்டியாடி?"

"திருப்பிட்டேன்டி, கத்தாத!"

எத்தனை ஐப்பசி, எத்தனை கத்தல். உன்னோடு பேசாமலிருந்த நாட்களிலும் அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

உன் மகன் நிஜாம் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்து மெத்தை நிறைய சோலார் பலகை போட்டிருக்கிறான். நல்ல காரியம்தான், நீ பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாய். அந்தச் சூட்டோடு சூடாகப் பழைய குழாயையும் மாற்றியிருந்தான். உன் மருமகள் பர்வீனோ விவரம் தெரியாமல் பலகைகளுக்கு நடுவே உப்புப் போட்ட மீனைப் பரப்பிவிட்டு, அவனோடு காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துத் திருகினேன். டிரம் பக்கம் பார்த்தபடி அசையவே இல்லை.

நிஜாமுக்குப் போன் போட்டேன்.

"அது லூசா ஆடிச்சு மாமி, பசை வச்சு ஒட்டிட்டேன். புதுக் குழாய், கை வச்சிடாதீங்க. இந்தா வந்துடுறோம்."

அவர்கள் வரும்வரை மழை காத்திருக்குமா? முகத்தில் முதல் சொட்டு விழுந்தது. அத்தனை கருவாட்டு உப்பும் கிணற்றில் இறங்கினால், இத்தனை வருஷம் நாம் பாடுபட்டது ஒரே மழையில் போச்சு. குழாயை உடைத்தாலோ உன் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம், கிணற்றை முடியாது. என் வீட்டுக்காரரின் ஆக்சா பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். பாதி அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. முழங்கை கழன்று விழவும், மொத்தக் கருவாட்டுத் தண்ணீரும் என் தலையில் கொட்டவும் சரியாக இருந்தது. நாறிப்போய் நின்றேன். ஆனால் அது வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியது. அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

நிஜாம் வந்து அறுந்த குழாயைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"சொன்னேன்ல மாமி?"

"வாளிய எறக்கு. குடிச்சுப் பாத்துட்டு அப்பறம் என்னைத் திட்டு" என்றேன்.

குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். "உம்மா கத்துறது இதுக்குத்தானா? நான் சும்மா சண்டைனுல்ல நெனச்சேன்" என்றான். பிறகு கடைக்குப் போய் வேறு முழங்கை வாங்கிவந்து, பசை வைக்காமல் செருகினான். பர்வீன் கருவாட்டை அள்ளிவிட்டு, விளக்குமாறோடு மெத்தை ஏறினாள்.

இன்று காலை அடுப்படியில் இருந்தேன். ஓட்டின் மேல் படபடவென்று சத்தம். ஓடிப்போய் முழங்கையில் கை வைத்துத் திருப்பினேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:

"திருப்பிட்டீங்களா?"

"திருப்பிட்டேன்டி, கத்தாத!"

சொன்ன பிறகுதான் அது பர்வீன் என்பது உறைத்தது. உன்னைத் தவிர நான் யாரையும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. கோபித்துக்கொண்டாளோ என்று பயந்துபோய் நனைந்துகொண்டே நின்றேன்.

"சரி மாமி. எப்ப டிரம் பக்கம் திருப்பணும்னு எனக்கும் சொல்லிக்குடுங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள்.