கல்லில் நான் அழித்த பெயர்

அண்ணா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். என் கடிதங்களை முகாமில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். ‘எந்தங்கச்சி எழுதற கோழிக் கதைக்கு இங்கே ஒரு கூட்டமே இருக்குது’ என்று. இது அப்படிப்பட்ட கடிதம் இல்லை. அப்பா காதுக்குப் போனால் என் படிப்பு நாளையோடு நின்றுவிடும்.

சிம்னி விளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நகங்களுக்குள் காவி ஒட்டியிருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதன் மண் வாசம் இன்னும் மூக்கில் ஏறுகிறது. இன்று மாலை இந்தக் காவியால்தான் உங்கள் பெயரைக் கல்லில் எழுதினேன். இதே கையால் அழித்தும் விட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு கல் நடப்போகிறார்கள். சண்டைக்குப் போய், உடலும் சாம்பலும் ஊர் வந்து சேராதவர்களுக்கான கல். பர்மா சண்டைக்குப் போன மூன்று பேர், சீனச் சண்டையில் நீங்கள். ‘காணவில்லை’ என்று உங்களைப் பற்றித் தந்தி வந்து இரண்டு வருடமாகிறது. பெயரைச் சேர்க்க அப்பா சம்மதித்துக் கைநாட்டு வைத்துவிட்டார்.

வாத்தியார் ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டினார். பர்மாவில் வரிசை வரிசையாகத் தூண்கள். அருகில் போய்ப் பார்த்தால் தூண் முழுக்கப் பெயர்களாம். கிடைக்காமலே போனவர்களின் பெயர்கள். கீழே ஒரு பிடி சாம்பல்கூடக் கிடையாது என்றார்.

எனக்கு அப்போது தொண்டாமுத்தூர் ஞாபகம் வந்தது. மாமா வீட்டு வாழைத்தோட்டத்துக்கு என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனீர்களே, அன்று. முந்தின இரவு யானை வந்து போயிருந்தது. ஈர மண்ணில் பதிந்திருந்த ஒரு தடத்துக்குள் என் இரண்டு பாதங்களையும் வைத்தேன். இன்னும் இடம் மிச்சமிருந்தது. ‘ஆனையவே பாத்திருந்தாக்கூட இத்தன பெருசாத் தெரிஞ்சிருக்காது அம்மணி’ என்றீர்கள்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கல்லில் பெயர் எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். திருமுருகன்பூண்டியிலிருந்து வந்திருக்கும் கல்தச்சருக்குப் படிக்கத் தெரியாது. நாம் காவியில் எழுதிக் கொடுத்தால் அதன் மேலேயே செதுக்குவார்.

“என்ற உளிக்குப் படிப்பு வராதுங்க அம்மணி. நீங்க எழுதற தடத்துலயே நடக்கும். கோவத்துல உங்க வாத்தியார் பேர எழுதி அவரையும் கல்லுல ஏத்திப்போடாதீங்க” என்று சிரித்தார்.

கல் என் உயரம் இருந்தது. மூன்று பெயர்களை எழுதிவிட்டு நான்காவது வரியில் உங்கள் பெயரை எழுதினேன். நோட்டிலும் கடித உறையிலும் எத்தனையோ முறை எழுதிய பெயர்தான். கல்லின் மேல் அது வேறு யாரோ பெரிய மனிதருடைய பெயர்போல இருந்தது. உங்களை அண்ணா என்று கூப்பிட்டதுகூட என் அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றியது.

அப்புறம்தான் நேற்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் ஒலித்தது. “கல்லு நடற அன்னைக்கே மத்த சாங்கியத்தையும் முடிச்சுப்போடலாம்.” அப்படியென்றால் நங்கையின் தாலி. உங்கள் மனைவியாக அவர் உங்களோடு இருந்தது ஒரு லீவுக் காலம் மட்டும்தானே, அண்ணா. பெயர் கல்லில் ஏறிவிட்டால் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு, காரமடைக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தச்சர் டீ குடிக்கப் போன நேரத்தில், காவி காய்வதற்குள், தாவணியை நனைத்து உங்கள் பெயரைத் துடைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து, “கீழ காலியா இருக்குதுங்களே?” என்று கேட்டார். “அப்பாவ ஒருக்கா கேட்டுப்போட்டு எழுதறனுங்க” என்று பொய் சொன்னேன். விடிந்ததும் உளி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு புல்லுக்கட்டோடு நங்கை வந்தார்.

நங்கைக்கும் படிக்கத் தெரியாது. உங்கள் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதும் இல்லை. ரேஷன் கார்டுக்காரர் வந்து கேட்டபோதுகூட, “அம்மணி, வந்து உங்கண்ணம் பேரச் சொல்லீட்டுப் போ” என்று அடுப்படியிலிருந்த என்னைத்தான் கூப்பிட்டார்.

“இதுல எது கண்ணு, அவரு பேரு?” என்று கேட்டார்.

அழித்ததை மறைத்தேன். என் விரல் தானாக மூன்றாவது வரிக்குப் போனது. அது பர்மாவுக்குப் போன மாரப்பனின் பெயர்.

புல்லுக்கட்டை இறக்கி வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். காய்ந்த காவியின் மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு விரலால் மெல்லத் தடவினார். “சொல்லத்தானே கூடாது. தொடலாமில்ல?” என்றார். பிறகு நெற்றியை அதன் மேல் வைத்தார்.

“நங்கை, இந்தக் கல்லு நட்டா உங்களுக்கு என்ன ஆகுமுன்னு தெரியுமுங்களா?”

“தாலிய வாங்குவாங்க. தெரியும் கண்ணு.” தலையை எடுக்காமலே சொன்னார். “ரெண்டு வருசமா எங்க போயி அழுகறதுன்னு தெரியாமக் கெடந்தேன். ஊட்ல அழுதா, வர்றவனுக்கு ஆகாதுன்னு அத்தை வெய்வாங்க. அழுகாட்டி ஊரு பேசும். இனிமே, காரமடைக்கு அனுப்புனாலும், இங்க வந்து உக்காந்துக்குவேன்.”

நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் கல்யாணத்தன்று பார்த்த முகம் அது. இன்னும் நடாத கல்; அடியில் நீங்கள் இல்லை; எந்தப் பனிமலையில் இருக்கிறீர்கள் என்று சர்க்காருக்கே தெரியாது. ஆனாலும் நீங்கள் அங்கே வந்து நின்றதுபோல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த கணமே உறைத்தது. அவர் தொட்டது உங்களை இல்லையே. யாரோ ஒருவரின் பெயரில் நங்கையை நெற்றி வைக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உளி வருவதற்குள் போய் எழுதிவிடுவேன், அண்ணா. நீங்கள் எங்காவது உயிரோடு இருந்தால் என்மேல் கோபப்படாதீர்கள். வந்துவிடுங்கள் போதும். தச்சரிடம் உளியை நானே வாங்கித் தருகிறேன், உங்கள் கையாலேயே கொத்தி எடுத்துவிடுங்கள். உங்கள் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. சிரிக்கும்போது எந்தப் பக்கம் குழி விழும் என்று இன்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. பெயரை மட்டும் இந்தக் கை மறக்காது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுதும்.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது. நங்கை மூன்றாவது வரியைத்தானே தேடிப் போய்த் தொடுவார்? அவரிடம் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று

கதவு தட்டுகிறார்கள்.

“அம்மணி, வெளக்கு எரியுதே, தூங்கலியா? கதவத் தொற கண்ணு.”

நங்கைதான். அண்ணா, நான் இப்போதே அவரிடம்