யூதன் வீட்டுப் பெண்

1966

பிப்ரவரி 12, சனி. காரைக்குடி

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் நாற்பத்திரண்டும் திருத்தியாயிற்று. 'நான் விரும்பும் விழா' என்ற தலைப்புக்கு முப்பது பேர் தீபாவளி. ஒருத்தி மட்டும் 'பள்ளிக்கூடம் லீவு விடும் எல்லா விழாவும்' என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டேன்.

மதியம் அத்தை திருப்பத்தூரிலிருந்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். பெயர் இன்னாசி, கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்கு. ஒரே ஒரு சொல்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒங்க அப்பா இனிமே பாஸ்கு நாடகத்துல வேசம் கட்டக் கூடாதாம். யூதன் வீட்டுல பொண்ணெடுத்தோம்னு நாளைக்கு நாலு பேரு பேசிறக் கூடாதுங்குறாக."

காளையார்கோவிலைத் தாண்டி எங்கள் ஊரில் இறங்கி 'சந்தியாகு வீடு எது' என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'யூதன் வீடு' என்றால் கைக்குழந்தையும் கை காட்டும். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் ஆடும் பாஸ்கு நாடகத்தில் யூதர்களின் பெரிய குரு கைப்பாஸ் வேடம் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு. சேசுநாதர் சாகத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவர். நாடகம் முடிந்ததும் சனங்கள் கைப்பாஸ் மேல் மண் அள்ளிப் போட வேண்டும். அதுவும் வழக்கம். அப்பா நகராமல் நின்று வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் நான் சீப்பும் கையுமாக உட்கார்ந்து அவர் தலையிலிருந்து மணலைச் சீவி எடுப்பேன். ஒரு வருஷம் சின்னக் கல்கூட வந்தது.

இதே பேச்சில் இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போயிற்று. எனக்கு இருபத்தேழு. அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லி அத்தையை அனுப்பினேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு. ஊரில்

பேசிவிட்டேன். அப்பா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் கைப்பாஸ் வேசம் வேண்டாம் என்றேன்.

"ஏன்த்தா, யாரும் எதுவும் சொன்னாகளா?"

யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்காக என்று சொல்லியிருக்கலாம். "எனக்கே வெக்கமா இருக்குப்பா" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்துவிட்டதா, நானேதான் சொன்னேனா?

குனிந்தபடியே மிளகாயைத் திருப்பிவிட்டார். "சரித்தா" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் சணல் தாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, நாடகம் பழக்குகிற அண்ணாவியார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். போகும்போது சட்டை போட்டுக்கொண்டு போனார். துக்க வீட்டுக்குத்தான் அவர் சட்டை போட்டுப் போவது.

பிப்ரவரி 21, திங்கள்

பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, வெள்ளி

நான் குடியிருப்பது மெய்யம்மை ஆச்சி வீட்டின் பின்கட்டில். ஆச்சிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, "என்ன டீச்சர், மொகம் உம்முன்னு இருக்கு?" என்றார்கள். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆச்சி சிரித்தார்கள்.

"யூதனா? ரங்கூன்ல எங்களுக்கு அடுத்த வீடே யூதர் வீடுதானே!"

யுத்தத்துக்கு முன்னால் கடை வைத்திருந்த கணவரோடு ஆறு வருஷம் அங்கே இருந்தார்களாம். பக்கத்து வீட்டு அம்மா பெயர் ராகேல்.

"வெள்ளிக்கெழம பொழுது சாயுறதுக்கு முந்தி கண்ணாடித் தம்ளர்ல தண்ணி ஊத்தி, மேல எண்ணெய விட்டுத் திரி போடுவாக. முக்காடு போட்டு, கண்ணப் பொத்திக்கிட்டு என்னமோ சொல்லுவாக. நான் இங்குட்டு ஏத்துவேன், அவுக அங்குட்டு ஏத்துவாக. ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கெழமதான்."

யூதர் என்றால் எனக்கு அப்பாவின் சணல் தாடிதான். அவர்கள் உயிரோடு இருப்பார்கள், விளக்கேற்றுவார்கள், பக்கத்து வீட்டில் குடியிருப்பார்கள் என்று இத்தனை வயதுவரை தோன்றவே இல்லை. டீச்சர் என்று பெயர் வேறு.

மார்ச் 4, வெள்ளி

இன்று நானே ஆச்சியிடம் போய்க் கேட்டேன். ராகேல் அம்மா வீட்டுப் பண்டிகை எப்படி இருக்கும் என்று.

"வருசத்துல எட்டு நாளு புளிச்ச மாவு ஒரு பொட்டு வீட்டுல இருக்கக் கூடாதாம். என் இட்லி மாவுச் சட்டி அந்த எட்டு நாளும் அந்தப் பக்கம் தலகாட்டாது. புளிக்காத ரொட்டி சுடுவாக, சப்பட்டையா. எனக்கும் குடுத்தாக. உப்புகூட இல்ல, டீச்சர்! எகிப்துல அடிமையாக் கெடந்தவுகள சாமி கூட்டிட்டு வந்துச்சாம், ஓடுற அவசரத்துல மாவு புளிக்க நேரமில்லையாம்."

புளிக்காத அப்பம். பூசையில் நன்மை வாங்கும்போது என் நாக்கில் வைக்கும் அப்பம். முதல் நன்மை வாங்கிய எட்டு வயதிலிருந்து அதைத்தான் வாங்குகிறேன். இது எந்த வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஆச்சி நிறுத்தவில்லை. "அன்னைக்கு வீட்டுக்குள்ளயே நாடகம் மாதிரி ஒண்ணு நடத்துவாக. அந்த வீட்டு அய்யா ரொட்டிய ஒரு துணியில கட்டி, தோள்ல மூட்டையாப் போட்டுக்கிட்டு வெளிய இருந்து வருவாரு. எங்கேருந்து வர்றேன்னு கேப்பாக. எகிப்துலேருந்தும்பாரு. எங்கே போறேம்பாக. எருசலேமுக்கும்பாரு. அவுக பாசை எனக்கென்ன தெரியும்? ராகேல் அம்மா அரைகுறை இந்துஸ்தானியில சொன்னதுதான்."

இந்தப் பண்டிகைக்குத்தான் வேதத்தில் பாஸ்கு என்று பெயர். அவர்களும் பாஸ்குவுக்கு நாடகம் போடுகிறார்கள்!

மார்ச் 6, ஞாயிறு

பள்ளிக்கூடத்து மதரிடம் வேதாகமம் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் பூசைக்குப் போய் வந்ததிலிருந்து படிக்கிறேன். சோறு ஆறிவிட்டது.

எல்லாம் நான் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் இன்று புதிதாகக் கேட்கிறது. சேசு பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம், யூதப் பிள்ளைகளுக்குச் செய்வது. பிறகு கோயிலுக்குத் தூக்கிப் போகிறார்கள், ஏழைகள் கொடுக்கும் ஒரு சோடி புறாவோடு. 'அவருடைய பெற்றோர் ஆண்டுதோறும் பாஸ்குத் திருநாளுக்கு எருசலேமுக்குப் போவார்கள்.' ஆண்டுதோறும்! மாதா வீட்டைக் கூட்டிப் பெருக்கி, புளித்த மாவைத் தேடி எடுத்து வெளியே போட்டிருப்பாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியிருப்பாள். கடைசி இராப்போசனம் என்று நாங்கள் சொல்வது அந்தப் பண்டிகைச் சாப்பாடு. சிலுவையில் 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறினாரே, அது பழைய ஏற்பாட்டுச் சங்கீதம் ஒன்றின் முதல் வரி. உயிர் போகிற நேரத்திலும் அவருக்கு வாயில் வந்தது அவர்கள் கோயிலில் பாடுகிற பாட்டு.

சேசு யூதர். மாதா யூதப் பெண். மாதாவின் கணவர் சூசையப்பர், சீடர்களில் மூத்த ராயப்பர் எல்லாரும். எங்கள் நாடகத்தில் அவர்களுக்கெல்லாம் வெள்ளை அங்கி, யூதர் என்றால் மட்டும் கறுப்புத் துணியும் தாடியும். எந்த முட்டாள் பிரித்தது? நாங்கள்தான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். "ஆமா, பின்ன? ஒங்க சாமி யூதருன்னு ராகேல் அம்மா அப்பவே சொன்னாகளே" என்று கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள்.

மார்ச் 13, ஞாயிறு

பூசைப் பிரசங்கத்தில் பங்குச் சாமியார், போன வருஷம் ரோமாபுரியில் பிஷப்புகள் எல்லாம் கூடி எழுதியதை விளக்கினார். சேசு பாடுபட்டதற்கு அன்று வாழ்ந்த யூதர் எல்லாரையும் குற்றம் சொல்லக் கூடாது, இன்று இருப்பவர்களையும் சொல்லக் கூடாது. மாதாவும் அப்போஸ்தலர்களும் அந்தச் சனத்தில் பிறந்தவர்கள். நம் விசுவாசத்துக்கு வேர் அங்கே.

பின்னால் இரண்டு பேர் இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. கோயிலே இடிந்து விழுந்தது மாதிரி எனக்கு மட்டும்தான் இருந்ததா? இல்லை, இடிந்த மாதிரி இல்லை. வீட்டில் இத்தனை நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிட்ட மாதிரி.

மார்ச் 19, சனி, சூசையப்பர் திருநாள். ஊரில்

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். விளக்கு, ரொட்டி, புறா, சங்கீதம். மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். மூட்டை தூக்கி வரும் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து, துண்டில் நாலு மிளகாயைப் போட்டு முடிந்து, தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். நான் கேட்க வேண்டுமாம்.

"எங்கேருந்து வர்றீக?"

"எகிப்துலேருந்து."

"எங்கே போறீக?"

"எருசலேமுக்கு."

குரல் கைப்பாஸ் குரல் இல்லை. நான் கேட்டிராத குரல். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாம சொல்லிட்டேன்ப்பா, இந்த வருசம் நீங்கதான் வேசம் கட்டணும், நீங்களேதான் கட்டணும் — என்னென்னவோ உளறினேன்.

"மாப்ள வீட்டுல? ஒங்க அத்த எல்லாஞ் சொன்னாளே."

"அத நான் பாத்துக்குறேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் சட்டை போடாமல் அண்ணாவியார் வீட்டுக்குப் போய்த் தாடியை வாங்கி வந்தார்.

மார்ச் 24, வியாழன்

அத்தை கடிதம். இன்னாசி வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்களாம். நன்றாக அழுதேன். அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 7, பெரிய வியாழன். ஊரில்

அண்ணாவியாரோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டு. மாதா வேடம் கட்டும் பெத்தன் கையில் செபமாலை வேண்டாம், அந்தக் காலத்தில் ஏது செபமாலை என்றேன்.

"செவமால இல்லாத மாதாவா? ஊர்க்காரக என்னைய உசுரோட விடுவாகளா?"

சரி, செபமாலை இருக்கட்டும். பதிலுக்கு நான் ஒன்று வாங்கிக்கொண்டேன். நாடகத்தின் முதல் காட்சி நான் எழுதியது. நாசரேத்தூர் வீட்டில் பாஸ்குச் சாப்பாடு. சூசையப்பராக அப்பா மூட்டையோடு வருவார். பெத்தன் மாதாவாகத் தண்ணீர்த் தம்ளரில் எண்ணெய் விளக்கு ஏற்றுவான். அதே அப்பா பிற்பாடு கைப்பாஸ். தாடியைக் கழற்றக் கூடாது என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே தாடிதான்.

கோதுமை மாவில் ரொட்டி சுட்டேன். புளிக்காதது. உப்பும் போடவில்லை. ஆச்சி சொன்னது சரிதான், சுவையே இல்லை. ஒரு துண்டை வெகு நேரம் வாயில் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 8, பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவையை முத்தி செய்து கும்பிட்டுவிட்டு எல்லாரும் நாடகத் திடலுக்கு வந்தார்கள். அப்பா தாடியும் மூட்டையுமாக நுழைந்ததும் பழக்கத்தில் இரண்டு பேர் சீட்டியடித்தார்கள். பெத்தன் மாதா வேடத்தில் விளக்கேற்றி, "எங்கேருந்து வர்றீக?" என்று கேட்டான். சீட்டி நின்றுவிட்டது. அப்பா மூட்டையை அவிழ்த்து ரொட்டியைப் பிட்டு மாதாவுக்கும் பிள்ளைக்கும் கொடுத்தார்.

பிறகு விசாரணைக் காட்சியில் அதே தாடியோடு தீர்ப்புச் சொன்னார். முப்பது வருஷமாகக் கத்திச் சொன்ன வசனத்தை இன்று பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

முடிந்ததும் வழக்கப்படி திடல் நடுவில் வந்து நின்றார். எப்போதும் முதல் பிடி மண் சிட்டாளுடையது. மேலத்தெருக்காரி, எழுபது வயது, ஒரு வருஷமும் தவறியதில்லை; அது அவளுக்கு நேர்த்திக்கடன் மாதிரி. இன்றும் மூடிய கையோடு வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். கை திறக்கவில்லை.

"சந்தியாகு, மாதா ஒங்க ஆளுகதானாமே? சாமியாரும் அப்படித்தான் சொல்றாராமே?"

"ஆமாத்தா. யூதர் வீட்டுப் பொண்ணுதான்."

"அப்ப இத்தன வருசமா நான் யாரு மேலய்யா மண்ணள்ளிப் போட்டேன்?"

அப்பா சிரித்தார். "போட்டா என்னத்தா, தட்டிவிட்டாப் போச்சு."

சிட்டாள் கையிலிருந்த மண்ணைத் தன் காலடியிலேயே கொட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சீப்பை எடுத்தேன்.

"மண்ணே இல்லையேத்தா" என்றார் அப்பா.

"இருக்கும், குனிங்கப்பா" என்றேன்.

பிப்ரவரியில் நான் போட்ட மண் இருக்குமே. அப்பா குனிந்தார். வெகு நேரம் சீவினேன்.