வென்ஸெலின் மேற்சட்டையிலிருந்து நான் கழற்றிய பூ

அனுப்புநர்
ஸெகெரெஷ் மிக்லோஷ்,
பொதுவேலைத் திட்டக் குழு மேஸ்திரி,
41, ஆலைத் தெரு,
திஸாவெர்மெஷ்.

பெறுநர்
பிரிவுத் தலைவர் அவர்கள்,
வேலைவாய்ப்புப் பிரிவு,
மாவட்ட அரசு அலுவலகம்.

பொருள்: திரு. ரோஸ்தாஷ் வென்ஸெல் பொதுவேலைத் திட்டத்திலிருந்து மூன்று மாதம் நீக்கப்பட்டது – அதற்கு ஆதாரமான அறிக்கையில் நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவது – அவரை மே மாதப் பட்டியலில் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊராட்சி அலுவலக அறிக்கை, நாள் 19.03.2018.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை ஆலை மூடப்படும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அதன் எடைமேடையில் வேலை பார்த்தேன். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு ஏற்றி வந்த லாரிக்காரர்கள் பழச்சாராயப் புட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, எடையைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னதுண்டு. நான் போட்டதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. என் கையெழுத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அதை நம்பித்தான் தங்கள் அலுவலகம் ஒரு மனிதரை வேலையை விட்டு நீக்கியிருக்கிறது.

2. ஆலை போன பிறகு ஊரில் வேலை என்றால் இந்தத் திட்டம்தான். நான் சேர்ந்து எட்டு ஆண்டுகள், மேஸ்திரியாகி ஐந்து. என் கீழ் பதினான்கு பேர். அவர்களில் வென்ஸெல் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். புல்வெட்டும் எந்திரத்தை அவரிடம் கொடுத்துவிட்டால் வாய்க்கால் கரையை நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அவர் மனைவி மார்கித் திட்டத்தின் தையல் அறையில் வேலை செய்கிறார். மார்ச் 15 தேசிய விழாவுக்கு எல்லோரும் இடது மார்பில் குத்திக்கொள்ளும் மூவர்ண நாடாப் பூக்கள் முந்நூறையும் இந்த ஆண்டு அவரும் இன்னும் மூன்று பெண்களும்தான் தைத்தார்கள். சிறப்பு விருந்தினர் மார்பில் இருந்ததும் அவற்றில் ஒன்று.

3. நடந்ததற்கு விதை பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. தேர்தல் நெருங்கியதால் சமுதாயக் கூடத்தில் இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். ஒருவர், துடைப்பத்தின் மேல் சாய்ந்து நிற்பதற்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, இந்தத் திட்டமே வீண் என்றார். மற்றவர் எழுந்து, மண்வெட்டி பிடிப்பவன்தான் இந்த நாட்டுக்காரன், உட்கார்ந்து தின்பவனுக்கு இங்கே இடமில்லை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். அப்போது பின்வரிசையிலிருந்து வென்ஸெல் எழுந்தார். அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: “ஐயா, மண்வெட்டி பிடிச்சவன் நாட்டுக்காரன்னு சொன்னீங்க. நான் ஆறு வருஷமா பிடிக்கிறேன். இதே ஊருல பொறந்தவன், எங்கப்பன் பட்டாளத்துல இருந்தவன். இருந்தாலும் கடையில நுழைஞ்சா ‘ஜிப்ஸி வந்துட்டான், பார்த்துக்கோ’ங்கிறாங்க. அப்போ நான் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க.” கூடம் சிரித்தது. வேட்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊராட்சித் தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார். வென்ஸெல் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்பது, அவரோடு தினமும் கொழுப்பு தடவிய ரொட்டியையும் வெங்காயத்தையும் பங்கிட்டுத் தின்கிற எனக்குத் தெரியும். ஆனால் நானும் சிரித்தேன்.

4. மார்ச் 15 அன்று காலை ஆறு மணிக்கே எங்கள் குழு நினைவுத்தூண் முன்னால் பெஞ்சு போட்டு, கொடிகளைக் கட்டி முடித்தது. விழா முடிந்ததும் பெஞ்சுகளை எடுக்க வேண்டும் என்பதால், அதுவரை கூட்டத்தின் பின்புறம் நிற்கும்படி உத்தரவு. வேலை நேரம் முழுவதும் மஞ்சள் மேற்சட்டை கழற்றக் கூடாது என்பது திட்ட விதி, தாங்கள் அனுப்பியதுதான். வென்ஸெல் மேற்சட்டை மேலேயே பூவைக் குத்தியிருந்தார். அன்று அவருடைய எட்டு வயது மகள் யுஸ்தீனா பள்ளி நிகழ்ச்சியில் கவிதை சொல்லவிருந்தாள். அவள் பெயரை அழைத்ததும் அவர் முன்பக்கம் வந்து பிள்ளைகளின் அருகில் நின்றார். பெஞ்சு எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எந்த வேலையும் கெடவில்லை.

5. ஊராட்சி எழுத்தர் என்னிடம் ஓடிவந்தார். “மிக்லோஷ் அண்ணே, கேமரா ஓடிக்கிட்டிருக்கு. கூட்டத்துல கேள்வி கேட்டவன் மஞ்சச் சட்டையில பூ குத்திக்கிட்டு முன்னால நிக்கிறான். வேணும்னே கேலி பண்றான்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. பூவைக் கழட்டச் சொல்லுங்க.” நான் போய்ச் சொன்னேன். வென்ஸெல் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார்: “சட்டையைக் கழட்டச் சொல்லுங்கண்ணே, கழட்டிடுறேன். பூவை எதுக்குக் கழட்டணும்?” விதிப்படி சட்டையைக் கழற்றக் கூடாது, எழுத்தர் சொன்னபடி சட்டை மேல் பூ இருக்கக் கூடாது. இரண்டையும் வைத்துக்கொள்ள அந்த மனிதருக்கு வழி எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. என் கையாலேயே பூவைப் பிடித்து இழுத்தேன். ஒரு கணம் என் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். “சரி, நீங்களே வச்சுக்கங்க. நான் பொண்ணைப் பார்த்துட்டு வந்துடுறேன்” என்றார். மேற்சட்டையைக் கழற்றி, நான்காக மடித்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் கோட்டுடன் போய் நின்று கவிதை முடியும்வரை கேட்டார். முடிந்ததும் திரும்பி வந்து, மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் போலப் பெஞ்சு தூக்கினார். ஐயா, நடந்தது இவ்வளவுதான்.

6. மார்ச் 19 திங்கட்கிழமை எழுத்தர் என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார். ரோஸ்தாஷ் வென்ஸெல் மேற்சட்டையைத் தரையில் எறிந்தார், தேசியச் சின்னத்தை அவமதிக்கும் வார்த்தைகள் பேசினார், பணியிடத்தை விட்டுப் போனார் என்று அதில் இருந்தது. அப்படி நடக்கவில்லையே என்றேன். “எல்லாம் பேருக்குத்தான் அண்ணே. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். உங்க மேஸ்திரி வேலையும் மே மாசம் புதுப்பிக்கணும்ல?” என்றார். நான் கையெழுத்திட்டேன். எச்சரிக்கையோடு முடியும் என்று நம்பியதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. விழாவன்று மாலை சாராயக் கடையில், “இப்பல்லாம் அவனுங்களும் பூ குத்திக்கிட்டு வந்துடுறானுங்க” என்று சொன்னவனும் நான்தான். அந்த எண்ணம் எனக்குள் இருந்ததால்தான் கை அவ்வளவு சுலபமாகப் போனது. மார்ச் 26 முதல் வென்ஸெல் மூன்று மாதம் நீக்கப்பட்டார்.

7. அதற்கு மறுவாரம் மார்கித் என்னை ரொட்டிக்கடை வாசலில் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “அண்ணே, அந்தப் பூ உங்ககிட்ட இருந்தா குடுத்துடுங்க. யுஸ்தீனா பள்ளிக்கூடத்துல விழாப் பொருளெல்லாம் நோட்டுல ஒட்டி வைக்கச் சொல்லியிருக்காங்க, கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார். பூ அப்போது என் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கொடுத்தால் எடுத்ததை ஒப்புக்கொண்டதாகும் என்று தோன்றியிருக்கலாம். ஊரே பார்க்க எடுத்த பொருளை ஒளித்துவைத்து யாரை ஏமாற்ற முடியும் என்ற புத்தி அப்போது வரவில்லை.

8. சென்ற ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே பூவை நீட்டினேன். வென்ஸெல் கோபப்படவில்லை, உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பூவை மட்டும் தொடவில்லை. “இதை வாங்கி வச்சுக்கிட்டா, காகிதத்துல எழுதினது உண்மையாப் போயிடும் அண்ணே. நான் கொடியைத் திட்டினவன்னு மக பெரியவளாகிப் படிப்பா. முதல்ல காகிதத்தை மாத்துங்க. பூ எங்க போயிடப் போவுது?” என்றார். மே மாதப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் இந்த மாத இறுதியில் மச்சானோடு ஆஸ்திரிய எல்லைப் பக்கம் கோழி இறைச்சி ஆலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். இதைச் சொல்லும்போது யுஸ்தீனா பக்கத்து அறையில் இருந்தாள். அவள் என்னைப் பார்க்க வெளியே வரவில்லை.

9. எனவே ஐயா, கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் செய்தருள வேண்டும்.

பார்வையில் கண்ட அறிக்கையில், மேற்சட்டையை எறிந்தார் என்பதும் சின்னத்தை அவமதித்தார் என்பதும் பொய். அவர் அங்கிருந்து நகர்ந்தது உண்மை; மகள் கவிதை சொல்லி முடிக்கும் நேரம்தான் நகர்ந்தார். ஆகவே என் கையெழுத்தைத் திரும்பப் பெற அனுமதித்து, நீக்க உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அவர் பெயரை ஏப்ரல் 27-க்குள் மே மாதப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் உத்தரவு வந்தும் பயனில்லை, அவர் ஊரில் இருக்க மாட்டார். ரத்து உத்தரவை அவருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் போதாது. பழி எழுத்தில் இருக்கிறது.

பொய்யான அறிக்கையில் கையெழுத்திட்டதற்கு விதிப்படி எனக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். மேஸ்திரி வேலை எனக்குப் புதுப்பிக்கப்படாது என்று தெரியும். நீக்கமே வந்தாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். வாய்க்கால் கரைக்கு யாரை அனுப்புவது என்று அடுத்த மேஸ்திரி கேட்டால், வென்ஸெலை அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய மேற்சட்டை கருவி அறையில், கடைசி நாளன்று அவர் மடித்துவைத்தபடியே இருக்கிறது.

தேர்தல் முடிந்துவிட்டது. வேட்பாளர்கள் இருவரும் இனி எங்கள் ஊர்ப்பக்கம் வர நான்கு ஆண்டுகள் ஆகும். வென்ஸெல் கேட்ட கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தங்கள் உத்தரவில் ஒரு வரி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இடம்: திஸாவெர்மெஷ்
நாள்: 19.04.2018

இப்படிக்கு,
வருத்தத்துடனும் தங்கள் மீதுள்ள நம்பிக்கையுடனும்,
(ஒப்பம்) ஸெகெரெஷ் மிக்லோஷ்

இணைப்பு:
அ. 19.03.2018 அறிக்கையின் நகல்.
ஆ. மார்ச் 15 அன்று பெஞ்சு தூக்கிய குழுவினர் ஒன்பது பேரின் வாக்குமூலம்.
இ. மூவர்ண நாடாப் பூ, ஒன்று. இதைக் கோப்பில் வைத்துக்கொள்ளாமல், ரத்து உத்தரவோடு சேர்த்துத் திரு. ரோஸ்தாஷ் வென்ஸெலின் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். நான் பிடித்து இழுத்தபோது பின்னால் இருக்கும் ஊசி வளைந்துவிட்டது. முடிந்தவரை நேராக்கியிருக்கிறேன்.